மாடியில் வைத்த கஞ்சாச் செடியும் பூவாளி பிடித்த கையும்

ஒரு மழைக்கால மாலையில் ஒரு அம்மா என் வழக்கறிஞர் அலுவலகத்துக்கு வந்தார். கல்லூரியில் படிக்கும் மகனை முந்தைய இரவு போலீஸ் அழைத்துப் போயிருந்தது. மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், தக்காளியும் கத்தரியும் வைத்த பைகளோடு பையாக, இரண்டு கஞ்சாச் செடிகள். மகனைப் பற்றி எல்லாம் பேசி முடித்து எழுந்து, கதவு வரை போனவர் திரும்பி வந்து கேட்டார்: “அவன் டூர் போன பத்து நாளும் நான்தான் சார் அதுக்கும் சேர்த்துத் தண்ணி ஊத்தினேன். ஏதோ மூலிகைன்னு சொன்னான். என் மேலயும் கேஸ் வருமா?”

அவருக்குச் சொன்ன பதிலைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தை நாங்கள் என்டிபிஎஸ் சட்டம் என்போம். அதன் 8ஆவது பிரிவு கஞ்சாச் செடியைப் பயிரிடுவதைத் தடை செய்கிறது. தண்டனை 20(அ) பிரிவில் இருக்கிறது: பத்து ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. கஞ்சா புகைத்துப் பிடிபட்டால் அதிகபட்சம் ஆறு மாதம் சிறை, அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஒரு கிலோ வரை கையில் வைத்திருந்தால் ஓராண்டு வரை. செடி வளர்த்தால் பத்தாண்டு வரை. ‘சிறிய அளவு’ என்ற சலுகை காய்ந்த கஞ்சாவுக்குத்தான் இருக்கிறது. செடி வளர்ப்பதற்கு அப்படி அளவு வைத்துப் படி பிரிக்கவில்லை. ஒரு செடியும் ஒரு ஏக்கரும் ஒரே பிரிவில்தான் வரும். எவ்வளவு தண்டனை என்பதை நீதிபதி முடிவு செய்வார், அவ்வளவுதான்.

“கடையில வாங்கினாத்தானே சார் தப்பு? நானே வளர்த்தா யாருக்கும் பிரச்சினை இல்லையே” என்று என்னிடம் சொன்ன இளைஞர்கள் உண்டு. விற்பவர்களிடம் போகாமல் தப்பித்ததாக அவர்கள் நிஜமாகவே நம்புகிறார்கள். சட்டத்தின் கணக்கில் அவர்கள் சின்ன குற்றத்திலிருந்து பெரிய குற்றத்துக்கு ஏறியிருக்கிறார்கள்.

‘பயிரிடுதல்’ என்றால் என்ன? சட்டம் அதற்குத் தனியாக விளக்கம் தரவில்லை. உச்ச நீதிமன்றம் தந்திருக்கிறது. அலக் ராம் எதிர் உத்தரப் பிரதேச அரசு என்ற வழக்கில், ஒருவருடைய இடத்தில் சில கஞ்சாச் செடிகள் நின்றன என்பது மட்டும் போதாது, அவர்தான் பயிரிட்டார் என்று நிரூபிக்க வேண்டும் என்றது. விதை மண்ணில் தானாக விழுந்து முளைத்திருக்கலாம், அது பயிரிடுதல் ஆகாது என்றும் சொன்னது. வயல் வரப்பில் செடி நின்ற வழக்குகளில் எங்களுக்கு மிகவும் கைகொடுக்கும் தீர்ப்பு அது.

ஆனால் தொட்டிச் செடிக்கு அந்தத் தீர்ப்பு உதவுவது கடினம். வரப்பில் விதை தானாக விழும். க்ரோ பேக்கில் தென்னைநார்த் தூளும் மண்புழு உரமும் தானாகக் கலக்காது. சித்திரை வெயிலில் மாடியில் ஒரு பை இரண்டு நாளில் காய்ந்துவிடும் என்பது தோட்டம் வைத்த எல்லாருக்கும் தெரியும். செடி பசுமையாக நின்றால் ஒரு கை தினமும் அதற்குத் தண்ணீர் விட்டிருக்கிறது என்று பொருள். நுனி கிள்ளியிருந்தால், கவாத்து செய்திருந்தால், அந்தக் கைக்கு எண்ணமும் இருந்திருக்கிறது. ‘காக்கா போட்ட விதை’ என்று அதன் பிறகு எப்படி வாதாடுவது?

போதாக்குறைக்குக் கைப்பேசி இருக்கிறது. வாரம் ஒரு படம் எடுத்து வைத்திருப்பார்கள். “இலை மஞ்சளாகுது, தண்ணி அதிகமாயிடுச்சா?” என்று ஏதோ ஒரு குழுவில் கேட்டிருப்பார்கள். விளக்கும் உரமும் வாங்கிய ரசீதுகள் மின்னஞ்சலில் அப்படியே இருக்கும். உரிய சான்றிதழோடு தாக்கல் செய்தால் இவையெல்லாம் நீதிமன்றத்தில் ஆவணங்கள். விதை போட்ட நாள் முதலான நாட்குறிப்பைத் தானே எழுதிக் கொடுத்தது போல.

அடுத்து கத்தரிக்கோல். சட்டத்தில் ‘கஞ்சா’ என்பது செடியின் பூத்த அல்லது காய்த்த நுனிகள். நுனி சேராத தனி இலையும் விதையும் அதில் வராது. இதைப் படித்துவிட்டு “இன்னும் பூக்கவில்லை, அதனால் குற்றமில்லை” என்று சிலர் வாதம் செய்கிறார்கள். தடை செடிக்கே இருக்கிறது, பூத்தாலும் பூக்காவிட்டாலும். பூத்த நுனியை வெட்டி எடுத்தால் நிலைமை இன்னும் மோசம். செடியிலிருந்து பிரித்தெடுப்பதைச் சட்டம் ‘உற்பத்தி’ என்கிறது. அது 20(ஆ). காயப்போட்டு டப்பாவில் வைத்தால் ‘உடைமை’. நண்பனுக்கு ஒரு பொட்டலம் கொடுத்தனுப்பினால் வேறு விதமான குற்றச்சாட்டு. ஒரே மாடியில் ஒன்றன் மேல் ஒன்றாக வழக்கு ஏறிக்கொண்டே போகும்.

வெளிநாட்டு வீடியோக்கள் செய்யும் கெடுதலையும் சொல்ல வேண்டும். கனடாவில் 2018 அக்டோபர் முதல் மத்தியச் சட்டப்படி ஒரு வீட்டுக்கு நான்கு செடி வரை வைக்கலாம். ஜெர்மனியில் 2024 ஏப்ரல் முதல் வயது வந்த ஒருவருக்கு மூன்று. அங்கே உட்கார்ந்து ஒருவர் “எப்போது தண்ணீர் விடணும், எங்கே கிள்ளணும்” என்று சொல்லிக்கொடுப்பது அங்கே சட்டப்படி சரி. அதைப் பார்த்து தாம்பரத்தில் ஒரு பையன் செய்தால் என்டிபிஎஸ் நீதிமன்றம். உத்தரகண்டில் உரிமம் வாங்கி ஹெம்ப் என்ற கஞ்சாச் செடி ரகத்தைப் பயிரிடுகிறார்கள் என்பதும் உண்மைதான். அது போதைத்தன்மை மிகக் குறைந்த ரகத்துக்கு அரசு தரும் உரிமம். மாடிச் செடிக்கு அது எந்த விதத்திலும் பாதுகாப்பு இல்லை.

சரி, அந்த அம்மாவுக்கு வருவோம். தெரியாமல் தண்ணீர் ஊற்றியவர் குற்றவாளி அல்ல. ஆனால் 35ஆவது பிரிவின்படி, குற்ற எண்ணம் இருந்ததாகவே நீதிமன்றம் அனுமானிக்கும். இல்லை என்று காட்ட வேண்டியது குற்றம் சாட்டப்பட்டவர். அதையும் நியாயமான சந்தேகத்துக்கு இடமில்லாமல் காட்ட வேண்டும். ஒரு தாய்க்கு அது எவ்வளவு பெரிய சுமை என்று நினைத்துப் பாருங்கள். அவரை வழக்கில் சேர்க்கவில்லை. ஆனால் குற்றப்பத்திரிகை வரும் வரை அவர் மாடிக்கே போகவில்லை, தக்காளியெல்லாம் காய்ந்து போனது என்று பின்னால் சொன்னார்.

வீட்டு உரிமையாளர்களும் கவனியுங்கள். தெரிந்தே இடத்தைப் பயன்படுத்த விட்டால் 25ஆவது பிரிவு உங்கள் மேல் பாயும். உங்கள் நிலத்தில் பயிரிடுவது தெரிந்தும் தகவல் சொல்லாமல் இருந்தால் 46ஆவது பிரிவு.

பெற்றோருக்கு: பிள்ளை திடீரென்று ஒரே ஒரு செடியின் மேல் மட்டும் அக்கறை காட்டி, அதை யாரும் தொடக்கூடாது என்றால், போய்ப் பாருங்கள். ஐந்து, ஏழு, ஒன்பது என்று விரல் விரித்தாற்போல ரம்பப்பல் விளிம்புள்ள இலை. புளிச்சகீரை இலையும் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும், அதனால் பதறிச் சத்தம் போடாமல் முதலில் கேளுங்கள். அதுதான் என்று தெரிந்தால், பிடுங்கி வண்டியில் வைத்து எங்காவது கொண்டுபோய்ப் போடுவது, உறவினர் தோட்டத்துக்கு மாற்றுவது இரண்டும் வேண்டாம். எடுத்துச் செல்வது தனிக் குற்றம். அன்றைக்கே ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.

பழக்கம் ஏற்பட்டிருந்தால் சிகிச்சை தாமதிக்கக் கூடாது. தானாக முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அங்கீகாரம் பெற்ற மையத்திலோ சேர்பவருக்கு 64அ பிரிவு பாதுகாப்பு தருகிறது. ஆனால் அது புகைத்த வழக்குக்கும் சிறிய அளவு வழக்குக்கும்தான். செடி வளர்த்த வழக்கில் அந்தக் கதவு திறக்கும் என்று நான் யாருக்கும் உறுதி சொல்வதில்லை. செடி வரும் முன்பே கூப்பிடுங்கள்: போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446, கட்டணம் இல்லை.