இல்லாத கால் ஏன் உளைகிறது?

மிதிவெடியில் முழங்காலுக்குக் கீழே இடக்காலை இழந்த தம் சித்தப்பா, ஆண்டுகள் பல கடந்த பின்னரும் நடுச்சாமத்தில் எழுந்திருந்து, "பெருவிரல் உளையுது, ஒருக்கால் நீவிவிடு" என்று கேட்பதாகவும், வீட்டார் அதைச் செய்வினையாகக் கருதி நூல் கட்டுவித்ததாகவும் வெள்ளவத்தை வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். இது செய்வினையுமன்று, நடிப்புமன்று. அமெரிக்க உள்நாட்டுப் போரில் காயமுற்றோருக்குச் சிகிச்சையளித்த வைத்தியர் சைலஸ் வியர் மிட்செல், 1871இலேயே இதற்கு 'மாய உறுப்பு' என்று பெயரிட்டுவிட்டார்.

மூளையின் வெளியடுக்கான புறணியில் உடல் முழுவதற்கும் ஒரு வரைபடம் உண்டென்பது பாடசாலையிலேயே படித்ததுதான். கால் போனாலும் வரைபடத்தில் அதன் இடம் போய்விடுவதில்லை. "விரலை விரி" என்று மூளை கட்டளையிடுகிறது. விரிந்ததென்று கண்ணோ தசையோ மறுமொழி தருவதில்லை. மறுமொழி வராத அக்குழப்பமே மாயக் கால் மடங்கியபடி இறுகி வலிப்பதற்கு ஒரு காரணம் என்பது, தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியல் அறிஞர் வி. எஸ். இராமச்சந்திரனின் விளக்கம். அவர் 1990களில் கண்டறிந்த மருந்து ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி! இரு கால்களுக்கும் நடுவே அதை நிறுத்தி, நல்ல காலின் விரல்களை மெல்ல விரித்தபடி கண்ணாடிக்குள் நோக்கினால், வெட்டுண்ட காலின் இடத்தில் முழுக்கால் ஒன்று விரல் விரிப்பது தெரியும். அது பிம்பமென்று நோயாளிக்கு நன்றாகத் தெரியும். ஆயினும் பார்வை சொல்வதை மூளை நம்பிவிடுகிறது, இறுகிய விரல்கள் தளர்கின்றன. அறிந்தே ஏமாறும் இம்மூளையை எத்தனை முறை எண்ணினாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

அமெரிக்காவின் வோல்டர் ரீட் இராணுவ வைத்தியசாலையில் நடந்து 2007இல் வெளியான ஆய்வில், நாளுக்கு 15 நிமிடம் வீதம் 4 வாரங்கள் கண்ணாடி பார்த்த 6 பேருக்கும் வலி தணிந்தது. ஒப்பீட்டுக்காக, பிம்பம் தெரியாதபடி மூடிய கண்ணாடியின் முன் அமர்ந்த 6 பேரில் ஒருவருக்கே தணிந்தது. தொகை சிறிதுதான். காப்புரிமை பெற முடியாத கண்ணாடிக்கு எந்த மருந்துக் கம்பனி பெரிய ஆய்வு நடத்தும்? அதற்கு அரசுப் பணமே வேண்டும்.

மாயக் கால் முற்றிலும் பகையுமன்று. செயற்கைக் காலை மாட்டியதும் அது அதற்குள் இறங்கி நிறைந்துகொள்வதாகப் பலர் உணர்கின்றனர். அவ்வுணர்வே நடையை இயல்பாக்குகிறது. 2003இல் ஈராக்கில் மிதிவெடியில் வலப் பாதத்தை இழந்த அமெரிக்க அதிகாரி டேவிட் ரோசல், செயற்கைப் பாதத்துடன் 2005இல் மீண்டும் ஈராக்கில் கடமையேற்றார்.

சித்தப்பாவுக்குக் காலளவு நீளமான கண்ணாடி போதும். நல்ல காலின் காலுறையைக் கழற்றிவிடுங்கள். முதல் நாள் சிலருக்கு அழுகை வருவதுண்டு. யாராவது அருகில் இருங்கள்.