இழைமணித் தசை-புறநரம்பு நோய்: சொல் விளக்கம்

மருத்துவ அறிக்கையில் ‘மைட்டோகாண்ட்ரியல் மயோபதி’ (இழைமணித் தசைநோய்), ‘பெரிபெரல் நியூரோபதி’ (மூளைக்கும் தண்டுவடத்துக்கும் வெளியே உள்ள புறநரம்புகளின் நோய்) என்று அடுத்தடுத்து எழுதப்படும் தொடர்கள் கிரேக்க வேர்களிலிருந்து பிறந்தவை. உயிரணுவுக்குள் நூலாகவும் மணியாகவும் தென்பட்ட நுண்ணுறுப்புக்கு 1898இல் ஜெர்மானிய அறிஞர் கார்ல் பெண்டா, இழையைக் குறிக்கும் ‘மைட்டோஸ்’, சிறுமணியைக் குறிக்கும் ‘காண்ட்ரியன்’ ஆகியவற்றை இணைத்துப் பெயரிட்டார். இலங்கைப் பாடநூல்களில் வழங்கும் ‘இழைமணி’ இதற்கு நேர்ச்சொல். ‘மயோபதி’யின் வேரான ‘மிஸ்’ என்பது தசை. ‘நியூரான்’ முதலில் தசைநாணையும் வில்நாணையும் குறித்து, பின்னரே நரம்பு என்னும் இன்றைய பொருளை ஏற்றது. யாழின் தந்தியைக் குறித்த நம் ‘நரம்பு’ம் ஏறக்குறைய அவ்வழியே வந்திருக்கிறது.

இடர் ஈற்றுச் சொல்லில்தான். ‘பதி’ என்று முடியும் ‘மயோபதி’யைத் ‘தசைச்சிதைவு’ என்றால் அது டிஸ்ட்ரோபி என்னும் வேறொரு நோய்வகை ஆகிவிடும்; ‘அழற்சி’ என்றால் இல்லாத வீக்கத்தைச் சொன்னதாகும். ‘நரம்புத் தளர்ச்சி’யோ லாட்ஜ் வைத்தியர்களின் விளம்பரங்களால் பாழ்பட்ட சொல். ஆகவே, ‘நோய்’ என்ற எளிய சொல்லே போதும்.

‘தசைநோயால் வரும் நரம்புநோய்’ என்று எழுதுவதும் பிழை. ஒன்று மற்றொன்றின் விளைவன்று, ஆற்றல் தயாரிக்கும் இழைமணியின் பழுதே இரண்டுக்கும் பொதுக்காரணம். தசையில் அது இமை தொங்குதலாகவும் சிறு உழைப்பிலேயே வரும் அசதியாகவும் வெளிப்படும். தசைத் துணுக்கை எடுத்துக் கோமோரி முந்நிறச் சாயமிட்டு நுண்ணோக்கியில் பார்த்தால், பழுதுற்ற இழைமணிகள் சவ்வுக்கடியில் குவிந்திருப்பதால் சில நார்கள் ஓரம் பிசிறிச் செந்நிறமாகத் தெரியும். இடுப்புப் பகுதியிலிருந்து பாதம்வரை ஏறத்தாழ 1 மீட்டர் நீளும் நரம்பிழைகளுக்கு ஆற்றல் தேவை மிகுதி என்பதால், மரத்துப்போதல் பெரும்பாலும் கால்களில் தொடங்குகிறது.

இதைத் ‘தாய்வழி நோய்’ என்று பொதுப்பெயரிடுவதும் பொருந்தாது. இழைமணியின் சொந்த டிஎன்ஏவில் உள்ள 37 மரபணுக்கள் தாயிடமிருந்தே வருகின்றன என்பது உண்மை. ஆனால் கண்தசை, புறநரம்பு, குடல், மூளை ஆகியவற்றை ஒருங்கே தாக்கும் ‘எம்என்ஜிஐஇ’ என்னும் வகைக்குக் காரணமாக 1999இல் கண்டறியப்பட்டது, 22ஆம் குரோமோசோமில் உள்ள தைமிடின் பாஸ்போரிலேஸ் மரபணு. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால்தான் இந்நோய் தோன்றும். இவ்வகையில் நரம்பிழையைப் போர்த்திக் காக்கும் மையலின் உறையே சேதமுறுவதால், உடலெதிர்ப்புக் கோளாறால் வரும் நாட்பட்ட நரம்புநோய் என்று கருதி மருந்து கொடுக்கப்படுவதுண்டு. அத்தகையவரிடம் எடை வெகுவாகக் குறைந்து, சிறிது உண்டதும் வயிறு நிரம்பி, இமையும் தொங்கினால், இழைமணியைச் சந்தேகிக்க வேண்டும்.