பாட்டு கூடக் கூட பிளேயர் ஏன் திணறுகிறது? மைக் செட் லேப்டாப்புகளுக்குச் சில குறிப்புகள்

சித்திரைத் திருவிழா நெருங்கும்போது மதுரையிலும் மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கங்களிலும் சவுண்ட் சர்வீஸ் லேப்டாப்புகள் வரிசையாக சர்வீஸ் கடைக்கு வரும். புகார் மூன்றே வகைதான். "பிளேயரைத் திறந்தா சுத்திக்கிட்டே இருக்கு." "பாட்டுப் பேரை அடிச்சா எழுத்து ஒவ்வொண்ணா வருது." "பாட்டு ஓடிக்கிட்டு இருக்கும்போதே நின்னு நின்னு போகுது." மூன்றுக்கும் உரிமையாளர் சொல்லும் காரணம் ஒன்றே: பாட்டு அதிகமாயிருச்சு, விண்டோஸை மாத்திக் கொடுங்க.

விண்டோஸை மாற்றினால் சில நாள் நன்றாகத்தான் ஓடும். பிறகு பழைய கதை. ஏனென்றால் மூன்றும் வெவ்வேறு கோளாறுகள். பாட்டின் எண்ணிக்கை எதற்கும் நேரடிக் காரணம் இல்லை. 50,000 பாட்டை வைத்துக்கொண்டு சட்டென்று திறக்கும் பிளேயரும் உண்டு, 8,000 பாட்டிலேயே மூச்சு வாங்கும் பிளேயரும் உண்டு.

திறக்க நேரமாகிறது என்றால்

லைப்ரரி வைத்திருக்கும் பிளேயர்கள் (மியூசிக்பீ, மீடியாமங்கி, ஃபூபார்2000 போன்றவை) பாட்டு ஃபைலை முதல்முறை சேர்க்கும்போது அதைத் திறந்து, உள்ளே எழுதியிருக்கும் பாட்டுப் பெயர், படம், பாடியவர், நீளம் ஆகிய விவரங்களைப் படித்துத் தன் கணக்குப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளும். இந்த விவரத்துக்கு டேக் என்று பெயர். எம்பி3-யில் அது இரண்டு இடத்தில் இருக்கலாம். புதிய வகை டேக் ஃபைலின் தலைமாட்டில், பழைய வகை (ஐடி3 என்ற டேக் முறையின் முதல் பதிப்பு) ஃபைலின் கடைசி 128 பைட்டில். ஆக ஒரு பாட்டுக்கு டிஸ்க்கைக் குறைந்தது இரண்டு முறை தொட வேண்டும்.

லேப்டாப்பில் இருக்கும் 5400 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 5400 சுற்று) ஹார்டு டிஸ்க்கில் ஊசி நகர்ந்து, தட்டு சுழன்று, உரிய இடம் வந்து சேர ஏறத்தாழ 15 மில்லி விநாடி ஆகும். 50,000 பாட்டு, பாட்டுக்கு இரண்டு முறை என்றால் 1,500 விநாடி, அதாவது 25 நிமிடம். இது ஊசி நகரும் நேரம் மட்டும். எஸ்எஸ்டி-யில் நகரும் பாகமே இல்லை. அதே தொடுகை மில்லி விநாடியில் பத்தில் ஒரு பங்குக்குள் முடிந்துவிடும். ராம் கூட்டுவதைவிட ஹார்டு டிஸ்க்கை எஸ்எஸ்டி ஆக்குவது ஏன் அதிகப் பலன் தருகிறது என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

இது முதல்முறைக்கு. அடுத்தடுத்த முறை ஃபைலின் தேதியையும் அளவையும் மட்டும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுப் பிளேயர் விட்டுவிட வேண்டும். அப்படி விடாமல் தினமும் முதலிலிருந்து தொடங்குகிறது என்றால், பெரும்பாலும் டிரைவ் எழுத்து மாறியிருக்கும். பாட்டெல்லாம் வெளி ஹார்டு டிஸ்க்கில். நேற்று அது இ டிரைவ். இன்று விழா வீட்டுக்காரர் கொடுத்த பென் டிரைவ் முதலில் செருகப்பட்டு அது இ ஆகிவிட்டது. ஹார்டு டிஸ்க் எஃப் ஆகிவிட்டது. பிளேயரின் கணக்கில் இ-யில் இருந்த 50,000 பாட்டும் காணாமல் போனவை. எஃப்-இல் இருப்பவை புதிதாக வந்தவை. எல்லாவற்றையும் மறுபடி படிக்கும். பழைய 50,000 வரியையும் அழிக்காமல் வைத்திருக்கும். ஒரே பாட்டு இரண்டு தடவை காட்டுகிறது, ஒன்றைத் தட்டினால் ஃபைல் இல்லை என்கிறது என்று சிலர் சொல்வது இதைத்தான்.

சரி செய்வது எளிது. விண்டோஸ் ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிஸ்க் மேனேஜ்மென்ட் திறக்கவும். வெளி டிஸ்க்கின் மேல் ரைட் கிளிக், 'சேஞ்ச் டிரைவ் லெட்டர் அண்ட் பாத்ஸ்', அதில் எம் அல்லது எஸ் போல வரிசையில் பின்னால் உள்ள எழுத்தைக் கொடுக்கவும். பென் டிரைவ்கள் டி, இ, எஃப் என்று முன்னாலிருந்து இடம் பிடிக்கும். எம் வரைக்கும் வராது. அந்தக் கணினியில் அந்த டிஸ்க்குக்கு இனி அந்த எழுத்துதான். பிறகு பிளேயரில் காணாமல் போன ஃபைல்களை நீக்கும் வசதியை ஒருமுறை ஓட்டிவிடுங்கள். டிஸ்க்கைச் செருகாமல் அதை ஓட்டக் கூடாது, மொத்தமும் காலியாகிவிடும்.

இன்னொரு சில்லறைக் காரணம், ஃபோல்டர் கண்காணிப்பு. பிளேயர் செட்டிங்ஸில் லைப்ரரி பகுதியில் எந்த ஃபோல்டர்களைக் கவனிக்கிறது என்று பாருங்கள். டவுன்லோட்ஸ், டெஸ்க்டாப், ஏன், மொத்த சி டிரைவையே கொடுத்து வைத்திருப்பவர்கள் உண்டு. பாட்டு இருக்கும் ஒரு ஃபோல்டர் போதும். புதுப் பாட்டு சேர்த்த அன்று மட்டும் கையால் ஸ்கேன் கொடுத்தால் போதாதா?

அரிதாக வருவது, ஆனால் வந்தால் படுத்திவிடுவது விபிஆர் பாட்டுகள். பாட்டுக்குள்ளேயே பிட்ரேட் (விநாடிக்கு எவ்வளவு டேட்டா என்ற அளவு) ஏறி இறங்கும் இந்த வகை ஃபைலில் முன்னால் ஸிங் ஹெடர் என்ற சிறு குறிப்பு இருக்க வேண்டும். இல்லையென்றால் பிளேயர் நீளத்தைத் தப்பாகக் காட்டும், அல்லது முழுப் பாட்டையும் படித்துக் கணக்கிடும். 5 எம்பி வீதம் 50,000 பாட்டு 250 ஜிபி. யுஎஸ்பி 2.0 வழியாக விநாடிக்கு 35 எம்பி வந்தால் இரண்டு மணி நேரம். ஃபூபார்2000-இன் யுட்டிலிட்டீஸ் மெனுவில் இந்த ஹெடரைச் சரிசெய்யும் கட்டளை இருக்கிறது.

தேடும்போது தடுமாறினால்

இங்கே குற்றவாளிகள் இரண்டு: படம், பெயர்.

ஆல்பம் படம் ஃபைலில் 1 எம்பி-தான் இருக்கும். அதைத் திரையில் காட்ட விரிக்கும்போது கதையே வேறு. 3000க்கு 3000 புள்ளி உள்ள படம் 90 லட்சம் புள்ளி. புள்ளிக்கு 4 பைட் வீதம் ராமில் 36 எம்பி. அதே படம் 500க்கு 500 என்றால் 1 எம்பி. ஆல்பம் கட்டக் காட்சியில் நாற்பது படம் ஒரே நேரத்தில் தெரிந்தால் 4 ஜிபி ராம் லேப்டாப் என்ன செய்யும்? காட்சியை வெறும் பட்டியலாக மாற்றுங்கள், தேடல் உடனே வேகம் பிடிக்கும். மேடையில் பாட்டுப் போடுபவருக்குப் படம் எதற்கு?

எல்லாப் படத்தையும் சிறிதாக்கி மறுபடி பதிக்கிறேன் என்று இறங்கினால் விழாவுக்கு முந்தின நாள் இறங்காதீர்கள். டேக்கின் அளவு மாறினால் சில மென்பொருள்கள் முழு ஃபைலையும் திருப்பி எழுதும். நடுவில் கரண்ட் போனால் எழுதிக்கொண்டிருந்த பாட்டு கெட்டுவிடும். எஸ்எம்ஆர் வகை (தடங்களை ஒன்றின் மேல் ஒன்று படியும்படி எழுதும்) வெளி டிஸ்க்கில் இந்த வேலை மணிக்கணக்கில் இழுக்கும்.

பெயர் விஷயம் இன்னும் சுவாரசியம். டி.எம். சௌந்தரராஜன் மதுரைக்காரர், அவர் பாட்டு இல்லாத மைக் செட் இந்த வட்டாரத்தில் இருக்காது. ஆனால் லைப்ரரியில் பாடகர் பட்டியலைத் திறந்தால் டிஎம்எஸ், டி.எம்.எஸ்., டி எம் சௌந்தரராஜன், டிஎம் சௌந்தர்ராஜன், டிஎம்எஸ் & பி.சுசீலா, பி சுசீலா டிஎம்எஸ் என்று ஒரே மனிதர் பல ஆளாக நிற்பார். இளையராஜாவின் பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதுவார்கள் என்று சொல்லவே வேண்டாம். இதோடு, பாட்டை இறக்கிய தளங்கள் பாடகர், ஆல்பம், குறிப்பு என்று எல்லாக் கட்டத்திலும் தங்கள் முகவரியை ஒட்டி வைத்திருக்கும். பழைய தமிழ் எழுத்துருவில் டேக் எழுதியவை கோழிக் கிறுக்கலாகத் தெரியும். சில நூறு பாடகர்கள் இருக்க வேண்டிய மரப்பட்டியலில் பல ஆயிரம் கிளை. நீங்கள் ஓர் எழுத்து தட்டும்போதெல்லாம் பிளேயர் அத்தனையையும் வடிகட்டி, வரிசைப்படுத்தி, மீண்டும் வரைகிறது.

எம்பி3டேக் என்ற இலவச மென்பொருளில் ஃபோல்டரைத் திறந்து, பாடகர் கட்டத்தின் தலைப்பைத் தட்டி வரிசைப்படுத்தினால் இந்தக் கோலம் கண்ணுக்குத் தெரியும். ஒரே ஆளின் வரிகளை மொத்தமாகத் தேர்ந்து இடப்பக்கக் கட்டத்தில் ஒரு பெயரைக் கொடுத்து சேமித்தால் ஒரே தடவையில் மாறிவிடும். முதலில் இருபது பாட்டு உள்ள சின்ன ஃபோல்டரின் நகலில் செய்து பாருங்கள். தமிழிலேயே எழுதுவதானால் ஐடி3 2.3 பதிப்பு, யுடிஎஃப்-16 என்ற எழுத்துக் குறியீட்டு அமைப்பு நல்லது. விண்டோஸும் பெரும்பாலான பிளேயர்களும் அதைச் சரியாகக் காட்டும்.

பாட்டு நடுவே நின்றால்

இதற்குப் பிளேயரைத் தொடவே தொடாதீர்கள். முதலில் டிஸ்க்கைப் பாருங்கள். டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளைப் போட்டு, ரீஅலோகேட்டட் செக்டார்ஸ் (கெட்டுப்போனதால் டிஸ்க் மாற்றிவைத்த இடங்கள்), கரன்ட் பென்டிங் செக்டார் (படிக்கத் தடுமாறும் இடங்கள்) ஆகிய இரண்டு வரிகளின் கடைசி எண்ணைக் கவனியுங்கள். பென்டிங் பூஜ்ஜியமாக இல்லையென்றால், டிஸ்க் சில இடங்களைப் படிக்க முடியாமல் திரும்பத் திரும்ப முயல்கிறது. அந்த நேரமெல்லாம் பிளேயர் காத்திருக்கிறது. அன்றைக்கே பாட்டை வேறு டிஸ்க்குக்கு நகல் எடுங்கள். விண்டோஸின் டிஸ்க் பழுதுபார்க்கும் கருவியான செக்டிஸ்க் ஓட்டுவதெல்லாம் நகலுக்குப் பிறகு. ஜெனரேட்டர் மாற்றும்போது வெளி டிஸ்க்கின் கேபிளைப் பிடுங்குவதும், ஓடிக்கொண்டிருக்கும் டிஸ்க்கை ஸ்பீக்கர் பெட்டி மேல் வைப்பதும் இந்த ஊரில் டிஸ்க் சாக இரண்டு வழக்கமான வழிகள். பந்தலில் சித்திரை வெயிலில் இருக்கும் லேப்டாப் சூடேறினால் பிராசஸர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மெத்தை, ஜமுக்காளம் மேல் வைக்காமல் பலகை மேல் வையுங்கள்.

டிஸ்க் நல்லபடியாக இருந்தால் வைரஸ் தடுப்பைப் பாருங்கள். ஒவ்வொரு பாட்டைத் திறக்கும்போதும் விண்டோஸ் டிஃபெண்டர் ஒரு பார்வை பார்க்கும். பாட்டு ஃபோல்டரையே விலக்கிவிடச் சொல்பவர்கள் உண்டு. ஊரார் பென் டிரைவெல்லாம் வந்து போகும் லேப்டாப்பில் அது வினை. டிஃபெண்டரின் எக்ஸ்க்ளூஷன்ஸ் (விலக்கு) பகுதியில் ஃபோல்டருக்குப் பதில் ஃபைல் டைப் தேர்ந்து எம்பி3-ஐ மட்டும் கொடுங்கள். பாட்டுப் பெயரில் ஒளிந்து வரும் இஎக்ஸ்இ ஃபைல் அப்போதும் சோதனைக்குத் தப்பாது.

பென் டிரைவிலேயே ஓட்டுபவர்களுக்கு

ஆம்ப்ளிஃபையரில் இருக்கும் எம்பி3 போர்டுகள் பெரும்பாலும் ஃபேட்32 என்ற முறையில் ஃபார்மேட் செய்த டிரைவைத்தான் படிக்கும். ஃபேட்32-இல் ஒரு ஃபோல்டரின் பெயர்ப் பட்டியலுக்கு 65,536 வரிதான். அவ்வளவு பாட்டு போடலாமே என்று தோன்றும். ஆனால் நீண்ட பெயருக்கு 13 எழுத்துக்கு ஒரு வரி, கூடவே குறும்பெயருக்கு ஒரு வரி. தளத்தின் முகவரியோடு 60 எழுத்துப் பெயர் என்றால் பாட்டுக்கு 6 வரி. ஃபோல்டர் 10,900 பாட்டிலேயே நிறைந்துவிடும். டிரைவில் இடம் இருந்தும் காப்பி ஆகவில்லை என்பதன் காரணம் இது. தமிழ்ப் பெயர் இன்னும் இடம் கேட்கும்: 'சௌந்தரராஜன்' கண்ணுக்கு 7 எழுத்து, கணினிக்கு 11. தவிர, ஃபேட்32 ஒரு பெயரைத் தேட முதல் வரியிலிருந்து ஒவ்வொன்றாகப் படித்து வரும். ஃபோல்டருக்கு 200, 300 பாட்டுக்கு மேல் வைக்காதீர்கள்.

லேப்டாப்பிலும் நிகழ்ச்சிக்கென்று தனித் தொகுப்பு வைப்பது நல்லது. பக்தி, கல்யாணம், காதுகுத்து, சடங்கு, துக்கம் என்று பிரித்து 3,000 பாட்டு. 6 எம்பி வீதம் 18 ஜிபி. லேப்டாப் எஸ்எஸ்டி-யிலேயே அடங்கிவிடும். நிகழ்ச்சியன்று இதை மட்டும் திறக்கும் பிளேயர் போதும். மீதிக் கிடங்கு வெளி டிஸ்க்கில் கிடக்கட்டும். துக்க வீட்டில் ஷஃபிளில் குத்துப் பாட்டு எழும் அபாயமும் இதனால் ஒழியும், அது வேறு விஷயம்.

பழைய டிஸ்க்கிலிருந்து புதிய டிஸ்க்குக்கு மாறும்போது ஃபோல்டர் பெயர்களைத் தொடாமல் அப்படியே நகல் எடுத்து, பழையதைக் கழற்றிவிட்டு, புதியதற்கு அதே டிரைவ் எழுத்தைக் கொடுங்கள். பிளேயருக்கு மாற்றமே தெரியாது. பிளேலிஸ்ட் எதுவும் உடையாது. விர்ச்சுவல் டிஜே என்ற பாட்டு மிக்ஸிங் மென்பொருள் வைத்திருப்பவர்கள் வெளி டிஸ்க்கில் விர்ச்சுவல்டிஜே என்ற பெயரில் இருக்கும் ஃபோல்டரையும் மறக்காமல் சேர்த்து எடுக்க வேண்டும். அந்த டிஸ்க்கில் உள்ள பாட்டுகளின் பிபிஎம் (தாள வேகம்), க்யூ குறிகள் (பாட்டில் குறித்து வைத்த இடங்கள்) எல்லாம் அதற்குள் இருக்கும் டேட்டாபேஸ் ஃபைலில்தான் இருக்கின்றன.