தாத்தாவின் ரிவால்வர் குழலைப் புதுப்பிக்கக் கொடுக்காதீர்கள்

பழைய வீட்டைக் காலிசெய்யும்போது பரணிலிருந்து ஒரு ரிவால்வர் கிடைக்கிறது. துடைத்துப் பார்த்தால் வெப்ளி என்ற பிரிட்டிஷ் துப்பாக்கி நிறுவனத்தின் பெயர் தெரிகிறது. குழலுக்குள் ஒரே துரு. மறுநாளே யாராவது நல்ல லேத் பட்டறை ஒன்றைச் சொல்லிவிடுகிறார்கள். பழைய உலோகப் பொருட்களைப் பாதுகாப்பது என் தொழில். எனக்கு வரும் அழைப்புகள் பல, அந்தப் பட்டறைக்குப் போய்வந்த பிறகுதான் வருகின்றன. போவதற்கு முன்பே நீங்கள் இதைப் படித்துவிட வேண்டும் என்பது என் ஆசை.

குழல் ஏன் தேய்கிறது? குண்டு சுழன்று செல்வதற்காக உட்சுவரில் புரிபோல் வளைந்த பள்ளங்கள் வெட்டப்பட்டிருக்கும். 1915-இல் வந்த வெப்ளி ஆறாம் மார்க் என்ற மாதிரியில் இவை ஏழு. ஈயக் குண்டு மென்மையானது. அதனால் வரும் தேய்மானம் குறைவு. சிலிண்டரும் குழலும் சந்திக்கும் வாயைச் சூடான வாயு அரிக்கிறது. முன்முனையைத் துப்புரவுக் கம்பியின் உரசல் தேய்க்கிறது. இவை இரண்டையும்விடப் பெரிய எதிரி உப்பு. அக்காலத் தோட்டாக்களைப் பற்றவைக்கும் மருந்தில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. சுட்ட பின் அது பொட்டாசியம் குளோரைடாகக் குழலில் தங்கும். நாம் சமைக்கும் உப்புக்கு நெருங்கிய உறவு அது. காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். குழலில் கொதிநீர் ஊற்றிக் கழுவும் வழக்கம் ராணுவத்தில் இருந்தது இதனால்தான். கடற்காற்று வீசும் சென்னையில் அதைத் தவறவிட்ட துப்பாக்கியின் குழலில் இன்று குழிகள்தான் இருக்கும்.

ஐப்பசி மழையில் இப்படிப்பட்ட குழலை விளக்கொளியில் பார்த்திருக்கிறேன். பள்ளங்களின் ஓரத்தில் கடுகைவிடச் சிறிய பழுப்பு நீர்த்துளிகள் வியர்த்து நின்றன. துருவுக்கு அடியில் குளோரைடு இன்னும் வேலை செய்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். தடுக்க வேண்டியது இந்த அரிப்பைத்தான். போன பள்ளங்களைத் திரும்ப வெட்டுவது பாதுகாப்பு வேலையே அல்ல.

இணையத்தில் காணொளிகள் பார்த்துவிட்டுக் கேட்கிறார்கள்: குழலைக் குடைந்து புதிய உள்குழாய் செருகினால் என்ன? அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் 1898-ஆம் ஆண்டு வரை செய்யப்பட்ட துப்பாக்கிகளைப் பழம்பொருளாகக் கருதி ஒதுக்கி வைத்திருக்கிறது; அங்கே அந்த வேலை வெளிப்படையாக நடக்கிறது. இங்கே நிலைமை வேறு. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவின்படி, உரிமம் இல்லாமல் துப்பாக்கியைப் பழுதுபார்க்கும் தொழில் செய்வதே குற்றம். 2019 திருத்தத்துக்குப் பின் அதற்குக் குறைந்தது ஏழு ஆண்டு, அதிகபட்சம் ஆயுள் சிறை. பட்டறைக்காரரையும் சேர்த்தே மாட்டிவிடுகிறீர்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அதே சட்டத்தின் 45-ஆம் பிரிவு பழம்பொருள் மதிப்புள்ள ஆயுதங்களுக்கு விலக்கு தருகிறது. ஆனால் பழுதுபார்த்தாலும் சுட முடியாத நிலையில் இருக்கும் ஆயுதத்துக்கு மட்டுமே அது பொருந்தும். நூறு ஆண்டு ஆனதாலேயே விலக்கு கிடைத்துவிடாது. குழல் தேய்ந்திருப்பதும் போதாது. சீரமைத்தால் சுடும் என்று நீங்களே நிரூபித்துக் காட்டினால், விலக்குக் கேட்பதற்கு எந்த வாதமும் மிஞ்சாது. வெளிநாட்டிலுள்ள உறவினருக்கு அனுப்பிச் சரிசெய்யலாம் என்பதும் வேண்டாம். நூறு ஆண்டு கடந்தவை 1972 தொல்பொருள் சட்டத்தின் கீழ் வரக்கூடும், அவற்றைத் தனியார் நாட்டைவிட்டு ஏற்றுமதி செய்யத் தடை இருக்கிறது.

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். புறநகர்ப் பட்டறை ஒன்றில் உப்புத்தாள் போட்டு, சுழலும் துணிச்சக்கரத்தில் மெருகேற்றி, நிக்கல் முலாம் பூசிய ரிவால்வர் ஒன்றை ஒரு குடும்பத்தார் என்னிடம் கொண்டுவந்தார்கள். அதில், சுட்டுச் சோதித்த பின் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் குத்தப்பட்ட சோதனை முத்திரை ஒரு மங்கலான மேடாக மட்டுமே மிஞ்சியிருந்தது. வரிசை எண்ணின் கடைசி இலக்கங்கள் போய்விட்டன. எந்த ஆண்டில் செய்தது, யாருக்கு விற்றது என்று தேடும் வழி அத்தோடு அடைபட்டது. அந்த அம்மா, "பளபளவென்று ஆக்கினால் அப்பாவுக்குப் பெருமை என்று நினைத்தோம், சார்" என்றார். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. அழிந்த எழுத்தைப் பரிசோதனைக் கூடம் முழுதாகத் திருப்பித் தரும் என்ற உறுதி இல்லை.

ரிவால்வர் கிடைத்தால் முதலில் விசையைத் தொடாதீர்கள். குழல் யாரையும் நோக்காதபடி வையுங்கள். தோட்டா உள்ளே இருக்கிறதா என்று உங்களுக்குத் தெரியாவிட்டால் திறந்து பார்க்கவும் வேண்டாம், காவல் நிலையத்துக்கே எடுத்துப் போகவும் வேண்டாம். தொலைபேசியில் சொல்லுங்கள், அவர்கள் வரட்டும். உரிமம் வைத்திருந்தவர் காலமாகிவிட்டால் ஆயுதத்தை ஒப்படைத்துவிட்டு உரிமத்துக்கு விண்ணப்பிக்கச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. சென்னையில் உரிமம் வழங்குபவர் மாநகரக் காவல் ஆணையர். வேப்பேரி அலுவலகத்தில் கேளுங்கள்.

சட்டப்படி உங்கள் கைக்கு வந்த பிறகு செய்ய வேண்டியது மிகக் குறைவு. பித்தளைக் குத்துவிளக்கைத் தேய்ப்பது போலப் புளி வைத்துத் தேய்க்காதீர்கள். அமிலம், எஃகின்மேல் துரு பிடிக்காமலிருக்க ஏற்றிய கருநீலப் பூச்சை உரித்துவிடும். தேங்காய் எண்ணெய் நாளடைவில் சிக்குப் பிடித்துவிடும். தையல் மெஷின் எண்ணெய் சிறிதளவு, மென்மையான பருத்தித் துணி, கையுறை, இவை போதும். தோல் உறைக்குள் வைக்காதீர்கள், தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும். காற்றுப் புகாத பெட்டியில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். மழைக்காலத்தில் குழலைப் பாருங்கள். பழுப்புத் துளிகள் தெரிந்தால் எதையும் சுரண்டாமல் உலோகப் பாதுகாப்பு அறிந்தவரிடம் காட்டுங்கள்.