"எங்கள் வம்சத்திலேயே இல்லை" என்று சொல்லாதீர்கள்

கோலாலம்பூரில் மரபணு ஆலோசனைக்கு வரும் நம்மவர்களிடம், "கணவனும் மனைவியும் சொந்தமா?" என்று கேட்டால் முதலில் வரும் பதில் "இல்லை" என்பதே. மூன்று வயதில் வலிப்பு கண்டு, நடை தடுமாறி, பேசிய சொற்களையும் இழந்துவரும் ஒரு குழந்தையின் வம்ச வரைபடத்தில் பெற்றோரை ஒற்றைக் கோட்டால் இணைத்திருந்தேன்; எட்டிப் பார்த்த பாட்டி, "என் தம்பிக்குத்தானே மகளைக் கொடுத்தோம்" என்றதும் அது உறவுத் திருமணத்தைக் குறிக்கும் இரட்டைக் கோடாயிற்று.

ஏன் மறைக்கிறீர்கள்? மலேசியாவின் 1976ஆம் ஆண்டுத் திருமணச் சட்டமே இந்துக்கள் அக்காள் மகளை மணக்க இடம் தருகிறது. அந்த உறவுதான் எங்களுக்குத் தடயம். தாய்மாமனை மணந்த பெண்ணின் குழந்தைக்கு மரபணுத் தொகுப்பில் சராசரியாக எட்டில் ஒரு பங்கு தாய்வழி, தந்தைவழி இரு பக்கமும் ஒன்றாகவே அமைகிறது. நோய்க்குக் காரணமான குற்றவாளி மரபணு பெரும்பாலும் அப்பகுதிகளில்தான் இருக்கும் என்னும் தேடல்முறையை மரபியல் ஆய்வாளர்களான லேண்டரும் பாட்ஸ்டீனும் 1987இல் விளக்கினர்.

அடுத்து, இந்த நோய் எங்கள் வம்சத்திலேயே இல்லை என்னும் வாதம். இத்தகைய நோய்கள் பலவற்றில் தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என வரும் இரு மரபணுப் பிரதிகளில் ஒன்று மட்டும் பழுதாக இருப்பவருக்கு எந்த அறிகுறியும் தோன்றாது. அது தலைமுறை தலைமுறையாக ஓசையின்றி இறங்கிவந்து, இரு பக்கமும் சேரும்போதே நோயாகிறது. ஆகவே பாட்டன் பூட்டன் நலமாக வாழ்ந்தது எதையும் நிரூபிக்காது. சொந்தமல்லாத பெற்றோருக்கும் இது நேரும். பெற்றோர் இருவரிடமும் அந்தப் பழுதான பிரதி ஒவ்வொன்று இருந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் நோய்க்கான வாய்ப்பு நான்கில் ஒன்று. முதல் பிள்ளைக்கு வந்துவிட்டதால் அடுத்தது தப்பிவிடும் என்று கணக்குப் போடாதீர்கள். தாயை மட்டும் பழிப்பதையும் நிறுத்துங்கள், தந்தையும் ஒரு பிரதி கொடுத்திருக்கிறார்.

பெயர் தெரிந்தால் மட்டும் என்ன பயன் என்பார்கள். குழந்தைகளின் மூளை நரம்புகளைச் சிதைக்கும் 'பேட்டன்' (Batten) நோயின் சி.எல்.என்.2 என்னும் வகைக்குக் காரணமான மரபணு 1997இல் அடையாளம் காணப்பட்டது. அந்நோயில் உடலில் குறைந்துபோகும் நொதியை இரு வாரத்திற்கொரு முறை மூளைத் திரவத்தில் செலுத்தும் மருந்துக்கு 2017இல் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது. நடை இழப்பை அது மெதுவாக்கும், இழந்ததை மீட்டுத் தராது. தாமதம் ஏன் எங்களைப் பதைக்க வைக்கிறது என்று இப்போது புரியும்.

கற்ற திறன்களைப் பிள்ளை இழக்கத் தொடங்கினால், நேர்த்திக்கடன் ஒரு பக்கம் இருக்கட்டும், நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். பழைய காணொளிகளையும் கொண்டுவாருங்கள். இரத்தம் எடுக்கும் நாளில் தாய், தந்தை இருவரும் வாருங்கள். அடுத்த குழந்தையைக் கருவுறும் முன்பே ஆலோசனை பெறுங்கள். மரபணுப் பிழை தெரிந்திருந்தால் சுமார் பதினொன்றாம் வாரத்திலிருந்தே கருவைச் சோதிக்க முடியும். நோய் முற்றிய குழந்தையின் டி.என்.ஏ. மாதிரியைச் சேமித்து வைக்கும்படி, கேட்க மனம் வராவிட்டாலும், தயவுசெய்து கேளுங்கள். குழந்தை போன பிறகு எங்களிடம் வரும் பெற்றோருக்குப் பெரும்பாலும் இல்லாமற்போவது அந்தச் சிறு குழாய்தான்.