எண்ணாமலே வரும் பதினாறு

ஒவ்வொரு ஒலிக்கும் ஒரு விரலாக மடக்கிக்கொண்டே ‘திருநெல்வேலி’ என்று சொல்லிப் பாருங்கள். தி, ரு, நெல், வே, லி. ஐந்து விரலும் மடங்கிவிடும். எங்கள் பக்கத்துப் பேச்சில் வருகிற ‘தின்னவேலி’க்கு நான்குதான். உயிரொலி வரும்போது மட்டுமே விரல் மடங்குகிறது. ‘ல்’, ‘ன்’ மாதிரியான புள்ளி எழுத்துகள் முன்னால் இருக்கும் உயிரோடு ஒட்டிக்கொள்கின்றன. ஆகவே தமிழில் இந்தக் கணக்கு ரொம்பச் சுலபம். புள்ளி எழுத்தை விட்டுவிட்டு மீதியை எண்ணினால் போதும்.

செய்யுள் இலக்கணமான யாப்பில் ‘அசை’ என்று எண்ணுவது வேறு. தாமிரபரணியின் பழைய பெயரான ‘பொருநை’ என்றால் விரலுக்கு மூன்று, அசைக்கு இரண்டு: ‘பொரு’ நிரை, ‘நை’ நேர். அசையில் இந்த இரண்டு வகைதான்; புள்ளி எழுத்தை விட்டுவிட்டு, நேருக்கு ஓர் எழுத்து, நிரைக்கு இரண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பொருநைக் கரையில், ஆழ்வார்திருநகரிப் புளியமரத்தடியில் வீற்றிருந்தவர் நம்மாழ்வார். அவருடைய திருவிருத்தம் 100 பாட்டும் கட்டளைக் கலித்துறை என்ற பாவகை. அடிக்கு ஐந்து சீர்; அசைகள் சேர்ந்தது சீர். அடி நேரில் தொடங்கினால் 16 எழுத்து, நிரையில் தொடங்கினால் 17; ஒற்று, அதாவது புள்ளி எழுத்து, கணக்கில் வராது. இதை முதலில் படித்தபோது, விரல்விட்டு எண்ணி எண்ணித்தான் பாடியிருப்பார்கள் என்று நினைத்தேன். அப்புறம்தான் தெரிந்தது, ஒரு சீர் முடிவதும் அடுத்த சீர் தொடங்குவதும் எப்படிப் பொருந்த வேண்டும் என்று சொல்கிற வெண்டளையே எண்ணும் வேலையைப் பார்த்துக்கொள்கிறது.

எப்படி என்றால், ஈரசைச் சீர் நேரில் முடிந்தால் அடுத்த சீர் நிரையில் தொடங்க வேண்டும். நிரையில் முடிந்தால் நேரில். ஒன்றும் இரண்டும், அல்லது இரண்டும் ஒன்றும். எப்படிப் பார்த்தாலும் சீரும் சீரும் கூடுமிடத்தில் மூன்று எழுத்து. ஐந்து சீருக்குக் கூடுமிடம் நான்கு, ஆக 12. கடைசிச் சீர் விளங்காயாக, அதாவது நிரையும் நேருமாக முடியும் மூவசைச் சீராக, இருக்க வேண்டும் என்பது விதி. அதன் கடைசி நிரையும் நேரும் இன்னொரு மூன்று. மொத்தம் 15. மிச்சம் அடியின் முதல் அசை மட்டும்: நேரானால் 16, நிரையானால் 17!

முதல் பாட்டின் முதல் அடியைப் பிரித்துப் பாருங்கள்:

பொய்ந்நின்ற ஞானமும் பொல்லா ஒழுக்கும் அழுக்குடம்பும்

பொய்ந் | நின்-ற-ஞா | ன-மும்-பொல் | லா-ஒ-ழுக் | கும்-அ-ழுக் | கு-டம்-பும்

முன்னால் ஒன்று, பின்னால் ஐந்து மூன்றுகள். ‘பொய்ந்நின்ற’ மூவசைச் சீர்தான், ஆனால் மாங்காய், அதாவது கடைசி இரண்டு அசையும் நேர். நேரில் முடியும் மூவசைச் சீரான காய்க்குப் பின் நேர் வரவேண்டும் என்பதால் அங்கும் ஒன்று, ஒன்று, ஒன்று என்று மூன்றே வருகிறது. நடுவில் விளங்காய்ச் சீர் கூடாது என்று ஏன் விதித்தார்கள் என்பது இந்த இடத்தில்தான் எனக்கு விளங்கியது. அது வந்தால் அந்த ஒரு கூடுமிடம் மட்டும் இரண்டு, ஒன்று, ஒன்று என்று நான்காகிவிடும்.