ஆமாம் என்று சொல்லும் பிள்ளையை என்ன செய்யப் போகிறீர்கள்?

பள்ளிகளிலிருந்து எனக்கு வரும் அழைப்புகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தொடங்கும். "பசங்ககிட்ட ஏதோ புழங்குது டாக்டர். எல்லாருக்கும் ஒரு டெஸ்ட் எடுத்துடலாமா?" எடுக்கலாம். ஆனால் அதற்கு முன்னால் நான் ஒன்றைக் கேட்பேன்: போதைப் பழக்கம் இருப்பதாகத் தெரியவரும் பிள்ளையை என்ன செய்வதாக இருக்கிறீர்கள்? "வீட்டுக்குச் சொல்லணும், சரிவரலைன்னா அனுப்பிடணும்" என்று பதில் வந்தால், அந்தப் பள்ளியில் பரிசோதனையே வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

பிள்ளைகள்மேல் உள்ள இரக்கத்தால் மட்டும் இதைச் சொல்லவில்லை. வெளியே அனுப்பப்பட்ட பிள்ளைக்குப் பகல் முழுவதும் வேலை இருக்காது, பார்த்துக்கொள்ள ஆளும் இருக்காது. அதே கூட்டாளிகள் மட்டும் இருப்பார்கள். பள்ளியோடு இருக்கும் ஒட்டுதல் பிள்ளைகளைப் போதையிலிருந்து காக்கும் முக்கியமான விஷயங்களில் ஒன்று. அதை நாமே அறுத்துவிட்டுப் பிறகு யாரைக் காப்பாற்றுவது? இன்னொன்றும் உண்டு. முதல் பிள்ளைக்கு நடந்ததைப் பார்த்த மற்றவர்கள் அடுத்த முறை வாயே திறக்க மாட்டார்கள்.

டெஸ்ட் என்றதும் பலர் மனதில் வருவது சிறுநீர்ப் பரிசோதனைதான். அமெரிக்காவில் பள்ளி விளையாட்டு வீரர்களுக்கு இதை நடத்தலாம் என்று 1995-இலும், பாடத்துக்கு வெளியே எந்தச் செயல்பாட்டில் சேரும் மாணவருக்கும் நடத்தலாம் என்று 2002-இலும் உச்ச நீதிமன்றமே அனுமதித்தது. ஆனாலும் அங்குள்ள குழந்தை மருத்துவர்களின் பெரிய அமைப்பான அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம், பள்ளிகளில் திடீர்ச் சோதனை நடத்துவதை ஆதரிக்கவில்லை. காரணம் எளிது. எப்போதாவது கஞ்சா புகைப்பவரின் சிறுநீரில் அது சில நாட்கள் தெரியும். தினமும் புகைப்பவரிடம் ஒரு மாதம் வரைகூடத் தெரியலாம். மது சீக்கிரமே மறைந்துவிடும். பசை, தின்னர் போன்றவற்றை முகர்வது வழக்கமான சோதனைப் பட்டையில் தெரியவே தெரியாது. சோதனை உண்டு என்று தெரிந்த பையன் கஞ்சாவை விட்டுவிட்டுப் பசைக்குப் போனால் அவன் 'பாஸ்'. அவன் உடம்புக்கு வந்திருக்கும் ஆபத்து முன்பைவிடக் கூடுதலாகவும் இருக்கலாம். மூக்கடைப்புக்குத் தரும் சில மாத்திரைகளில் உள்ள சூடோஎஃபெட்ரின் என்ற மருந்தை, ஆம்ஃபெட்டமின் என்ற போதைப்பொருளாகச் சோதனை தப்பாகக் காட்டுவதும் உண்டு. உறுதிப்படுத்தும் ஆய்வகச் சோதனை செய்யாமல் அந்தப் பட்டையை மட்டும் வைத்து ஒரு பிள்ளைக்குப் பட்டம் கட்டிவிட முடியாது.

அப்படியானால் எப்படித்தான் கண்டுபிடிப்பது? கேட்டுத்தான். பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் உருவாக்கப்பட்டு 1999-இல் வெளிவந்த 'கிராஃப்ட்' என்ற கேள்வித்தாளை 12 முதல் 21 வயது வரை பயன்படுத்தலாம். கடந்த 12 மாதங்களில் எத்தனை நாள் மது, கஞ்சா, அல்லது போதைக்காக வேறு ஏதாவது எடுத்தாய் என்று முதலில் கேட்க வேண்டும். எடுத்திருந்தால் ஆறு கேள்விகள் வரும். மன இறுக்கம் தீரவோ கூட்டத்தில் ஒட்டிக்கொள்ளவோ எடுக்கிறாயா, தனியாக இருக்கும்போது எடுக்கிறாயா, அப்போது செய்தது பிறகு மறந்துபோகிறதா என்று போகும். இரண்டு 'ஆமாம்' வந்தால், உட்கார்ந்து விரிவாகப் பேச வேண்டும் என்று அர்த்தம். அடிமையாகிவிட்டான் என்று அர்த்தம் இல்லை.

இந்தத் தாளில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த ஆறில் முதல் கேள்வி. எதையும் தொட்டதே இல்லை என்று சொல்லும் பிள்ளையிடமும் அதை மட்டும் கேட்க வேண்டும்: போதையில் இருந்த ஒருவர் ஓட்டிய வண்டியில் நீ போயிருக்கிறாயா? அடையாளம் தெரியாதபடி மாற்றித்தான் சொல்கிறேன். எல்லாவற்றுக்கும் பூஜ்யம் எழுதிய ஒரு மாணவி, அந்தக் கேள்விக்கு வந்ததும் பேனாவை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "அப்பா கூட்டிட்டு வர்றப்போன்னா, அதையும் எழுதணுமா?" அவளுக்குப் போதையின் தீமைகளைப் பற்றி என்ன பாடம் நடத்துவது? அது அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அன்றைக்கு நாங்கள் பேசியது வேறு: அப்படிப்பட்ட மாலைகளில் யாரைக் கூப்பிடலாம், எந்தத் தோழியின் அம்மாவோடு போகலாம், அப்பா கோபப்படாதபடி என்ன காரணம் சொல்லலாம், வீட்டில் அடி உதை உண்டா. பையைச் சோதித்தோ சிறுநீரை வாங்கியோ இவளைக் கண்டுபிடித்திருக்கவே முடியாது.

கேட்கும் விதத்தில்தான் பல பள்ளிகள் சொதப்புகின்றன. வகுப்பில் தாளைக் கொடுத்து, பெயர் எழுதச் சொல்லி, வகுப்பாசிரியரே வாங்கி வைத்தால் எல்லாத் தாளும் சுத்தமாகத்தான் வரும். தனி அறை வேண்டும், மதிப்பெண் போடாத ஆள் வேண்டும். ரகசியத்துக்கு எல்லை எது என்பதைத் தாளைக் கொடுப்பதற்கு முன்பே பிள்ளையிடம் இப்படிச் சொல்லிவிட வேண்டும்: உன் உயிருக்கோ வேறொருவர் உயிருக்கோ ஆபத்து என்றாலும், யாராவது உன்னைத் துன்புறுத்துகிறார்கள் என்றாலும் நான் பெரியவர்களிடம் சொல்லியாக வேண்டும். மற்றதை உன்னைக் கலக்காமல் சொல்ல மாட்டேன். இப்படி ஒரு திட்டம் இருக்கிறது என்பது பெற்றோருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும், அவர்கள் சம்மதமும் வேண்டும்.

கண் சிவந்திருக்கிறதா, சட்டையில் வாசம் வருகிறதா என்று அடையாளங்களை அடுக்கும் சுவரொட்டிகளில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. ராத்திரி முழுக்க போன் பார்த்தவனுக்கும் கண் சிவக்கும். மாற்றத்தைப் பார்க்கச் சொல்வேன். விளையாட்டே கதி என்று இருந்தவன் மைதானத்துக்குப் போவதை நிறுத்திவிட்டான், பழைய நண்பர்கள் ஒருவர்கூடப் பக்கத்தில் இல்லை, திங்கட்கிழமை தவறாமல் லீவு. இதற்குக் காரணம் மனச்சோர்வாகவோ சக மாணவரின் கொடுமையாகவோ இருக்கலாம். போதை அதன்மேல் வந்து உட்கார்ந்திருக்கவும் கூடும். இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

தடுப்பு விஷயத்துக்கு வருவோம். அழுகிய நுரையீரல் படம் காட்டும் ஒரு மணி நேரக் கூட்டத்துக்கு என்னைக் கூப்பிட்டால் நான் இப்போதெல்லாம் போவதில்லை. பயமுறுத்தல் வேலை செய்வதில்லை என்பது ஐ.நா. போதைப்பொருள் அலுவலகமும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து 2018-இல் வெளியிட்ட தடுப்பு நெறிமுறைகளிலேயே இருக்கிறது. 1983-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் தொடங்கி, சீருடைக் காவலர்களை வகுப்புக்கு அனுப்பிய 'டேர்' திட்டம் உலகெங்கும் பரவியது. அதன் பழைய பாடத்திட்டத்தை ஆராய்ந்தவர்கள் போதைப் பழக்கத்தில் பெரிதாக எந்த வித்தியாசத்தையும் காணவில்லை. மாறாக, அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் முதல் வகுப்புக் குழந்தைகளைக் குழுக்களாகப் பிரித்து, ஒழுங்காக இருந்த குழுவைப் பாராட்டும் ஒரு எளிய வகுப்பறை விளையாட்டை நடத்தினார்கள். போதை என்ற பேச்சே அதில் கிடையாது. அந்தக் குழந்தைகள் வளர்ந்து இருபது வயதை ஒட்டியபோது, முக்கியமாகச் சின்ன வயதில் முரட்டுத்தனமாக இருந்த பையன்களிடம், போதைச் சிக்கல் குறைவாக இருந்தது.

ஐஸ்லாந்து இன்னும் பெரிய உதாரணம். 1998-இல் அங்கே 15, 16 வயதினரில் 42 சதவீதம் பேர் முந்தைய மாதத்தில் குடித்துப் போதையானதாகச் சொன்னார்கள்; 2016-இல் அது 5 சதவீதம். பெயர் கேட்காத கருத்தாய்வைத் தொடர்ந்து நடத்தி, முடிவை அந்தந்தப் பள்ளிக்கும் பெற்றோருக்கும் உடனுக்குடன் கொடுத்தார்கள். மாலை நேரத்துக்கு விளையாட்டும் இசையும் ஏற்பாடு செய்து, கட்டணத்துக்கு உதவினார்கள். இரவில் பிள்ளைகள் வெளியே சுற்றாமல் பார்த்துக்கொண்டார்கள். எல்லா ஊருக்கும் அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பெயர் இல்லாத கருத்தாய்வை எந்தப் பள்ளியும் நாளைக்கே தொடங்கலாம்.

தனித்தனியாகக் கேட்கத் தொடங்கும் முன் ஒரு பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: 'ஆமாம்' வந்தால் யார் பேசுவது, பெற்றோரிடம் யார் எப்படிச் சொல்வது, எந்த மருத்துவரிடம் அனுப்புவது, சிகிச்சை முடிந்து வரும் பிள்ளை எந்த வகுப்பில் உட்காரும். பள்ளிக்குள் விற்கும் ஆளுக்கு இந்த வழி கிடையாது; அது சட்டத்தின் வேலை.

அந்தப் பக்கத்தில் ஒரு வரி கண்டிப்பாக இருக்க வேண்டும். கழிப்பறையில் பசை முகர்ந்துகொண்டிருக்கும் பிள்ளையைப் பார்த்தால் அதட்டவோ துரத்தவோ கூடாது. அந்த ஆவி இதயத்தின் துடிப்பைத் தடுமாற வைக்கக்கூடியது. திடீர்ப் பயமும் ஓட்டமும் சேர்ந்தால் அங்கேயே உயிர் போகலாம், அது முதல் முறையாக இருந்தாலும். மெதுவாகப் பேசி வெளிக்காற்றுக்குக் கூட்டிவந்து உட்கார வையுங்கள். மூச்சோ நினைவோ சரியில்லை என்றால் உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். யாரிடம் வாங்கினாய் என்ற விசாரணையை மறுநாள் வைத்துக்கொள்ளலாம்.